பொடி ஸ்பிரேயை விட்டார்கள், நுளம்பு ஸ்பிரேயை ஏன் எடுத்தார்கள்?

கேள்வி: கனடாவில் இருக்கும் என் தம்பி குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்து போனவன். வரும்போது சொந்தக்காரருக்குக் கொடுக்கவென்று பதினெட்டு பொடி ஸ்பிரே கொண்டுவந்தான்; ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் போகும்போது விமான நிலையத்தில் சூட்கேஸைத் திறக்கச் சொல்லி, நுளம்புக்கு அடிக்கிற ஸ்பிரேயையும் மருமகன் சைக்கிளுக்கென்று வாங்கிய பெயின்ற் ஸ்பிரேயையும் எடுத்து வைத்துவிட்டார்கள். பக்கத்திலேயே கிடந்த இரண்டு பொடி ஸ்பிரேயைத் தொடவில்லை. எல்லா ரின்னிலும் அதே நெருப்புப் படம்தான் இருக்கிறது. கைப்பையில் இருந்த 200 மில்லிலீற்றர் ஹெயார் ஸ்பிரேயும் போயிற்று, அதில் கால்வாசிகூட மிச்சம் இல்லை. இதையெல்லாம் கேட்ட அம்மா, ரின் ஆகாயத்தில் வெடிக்கும் என்று பயந்துபோய் இருக்கிறா. அடுத்த மாதம் அம்மாவின் வைத்தியத்துக்காக இரண்டு பேரும் பலாலியால் சென்னைக்குப் போகிறோம். அவவுக்கு முட்டு வருத்தம், பம் பாவிக்கிறவ. எதைக் கொண்டு போகலாம், எதை விட வேண்டும்? தம்பி விட்டுப்போன ரின்கள் வீட்டில் நிறையக் கிடக்கின்றன, அவற்றை என்ன செய்வது?
ஒரு வாசகி, கோப்பாய்

பதில்: அம்மாவின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கேள்விகளில் லேசாகப் பதில் சொல்லக்கூடியது அதுதான். உயரத்தால் ரின் வெடிக்காது.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் வளியமுக்கத்தை 6,000 அடிக்கும் 8,000 அடிக்கும் இடையில் உள்ள ஒரு மலையில் இருப்பதுபோல் வைத்திருப்பார்கள். ஆட்கள் இருக்கும் பகுதிக்கு மட்டுமல்ல, பயணப் பொதிகள் கிடக்கும் சரக்கறைக்கும் இதே அமுக்கம்தான். நுவரெலியா ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே கடைகளில் ஸ்பிரே ரின்கள் அடுக்கி வைத்து விற்கிறார்கள், ஒன்றும் வெடிப்பதில்லை. கணக்காகப் பார்த்தாலும் அப்படித்தான். ரின்னுக்குள் ஏற்கெனவே வெளியில் உள்ளதைப் போல் மூன்று, நான்கு மடங்கு அமுக்கம் இருக்கிறது. விமானம் மேலே ஏறும்போது வெளி அமுக்கம் கால் பங்கு குறைவதால் ரின்னின் சுவருக்குக் கூடும் பாரம் மிகச் சொற்பம்.

சூடு அப்படியில்லை. ரின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் திரவமாக்கிய காஸ்; வெப்பநிலை 25 பாகையிலிருந்து 50 பாகைக்கு ஏறினால் அதன் அமுக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். ரின்னில் 50 பாகை செல்சியஸுக்கு மேல் வைக்க வேண்டாம் என்று போட்டிருப்பது இதனால்தான். என்னைக் கேட்டால், கட்டுநாயக்காவால் போகிறவர்களுடைய சூட்கேஸில் இருக்கும் ரின்னுக்கு அந்தப் பயணத்திலேயே மோசமான நேரம் ஏ9 வீதியில்தான். வான் வண்டியின் கூரையில் சூட்கேஸைக் கட்டி, உச்சி வெயிலில் வவுனியாவில் நிறுத்தி, எல்லோரும் இறங்கிச் சாப்பிடப் போய்விடுவோம். கறுப்புச் சூட்கேஸ் என்றால் கேட்கவே வேண்டாம். விமானத்தின் சரக்கறை அதை விடக் குளிர்மையான இடம்.

அப்படியென்றால் விமானக்காரருக்கு என்ன பயம்? ரின் தானாக வெடிக்கும் என்பதல்ல. அதற்குப் பக்கத்தில் வேறொன்று எரியத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதுதான்.

விமானச் சரக்குகளில் ஆபத்தான பொருட்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிற எனக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: 'அந்தக் காலத்தில் இவ்வளவு கெடுபிடி இல்லையே?' உண்மைதான், ஆனால் அந்தக் காலத்து ரின்னும் இந்தக் காலத்து ரின்னும் ஒன்றல்ல. முன்பு ஸ்பிரேயைத் தள்ளி வெளியே கொண்டுவரும் வாயுவாக இருந்தது குளோரோபுளோரோகாபன். அது எரியாது. ஆனால் ஓசோன் படலத்தைத் தின்றது. அமெரிக்கா 1978-இலேயே பெரும்பாலான ஸ்பிரேக்களில் அதைத் தடை செய்தது. 1987-இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தபிறகு மற்ற நாடுகளும் விட்டன. அதற்குப் பதிலாக வந்தவை பியூட்டேன், ஐசோபியூட்டேன், புரொப்பேன். மலிவு, ஓசோனுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் நன்றாக எரியும். உங்கள் குசினியில் இருக்கும் காஸ் சிலிண்டருக்குள்ளும் இவைதான். பொடி ஸ்பிரே என்றால் அதோடு மதுசாரமும் சேர்ந்திருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரின்னில் 100 மில்லிலீற்றர் திரவ பியூட்டேன் இருக்கிறது என்று வைப்போம். அது முழுவதும் வெளியே வந்தால் ஏறத்தாழ 24 லீற்றர் வாயுவாகும். வளியில் நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கலந்தாலே பியூட்டேன் பற்றிக்கொள்ளும். ஆக, ஒரு பெரிய உடுப்பு அலுமாரியின் உள்ளளவு வளியை எரியக்கூடியதாக மாற்ற அந்த ஒரு ரின் போதும். இந்தக் காஸ்கள் வளியை விடப் பாரமானவை என்பதால் கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாமல் கீழே தங்கும்; சூட்கேஸ் என்றால் அதன் அடியில், உடுப்புகளுக்கு இடையில்.

இனி விஷயத்துக்கு வருவோம். 2017-இல் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எவ்.ஏ.ஏ. ஒரு சோதனைத் தொடரை நடத்தியது. சாதாரண சூட்கேஸ், உள்ளே முழுதாகச் சார்ஜ் ஏற்றிய லப்டொப், அதன் லிதியம் பற்றரியோடு ஒரு சூடாக்கி. பற்றரி பழுதாகித் தானாகவே சூடேறி எரிந்தால் சூட்கேஸுக்குள் என்ன நடக்கும் என்று பார்ப்பதுதான் நோக்கம். இப்படிப் பத்துத் தடவை செய்தார்கள். அதில் ஒரு தடவை லப்டொப்போடு சேர்த்து உலர் ஷாம்பு ரின் ஒன்றைக் கட்டி வைத்தார்கள். தலையைக் கழுவாமலே எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அடிப்பார்களே, அந்த ஸ்பிரே. இங்கே அதிகம் இல்லை. கனடாப் பிள்ளைகளின் பையைத் துழாவினால் ஒன்றாவது அகப்படும். 8 அவுன்ஸ் ரின், பெரிதொன்றுமில்லை. நெருப்பு உடனே பிடித்து விறுவிறென்று பெருத்தது. 40 விநாடிக்குள் ரின் வெடித்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சூட்கேஸில் விதிக்கு மாறான பொருள் ஒன்றும் இல்லை. லப்டொப்பையும் சூட்கேஸில் போடலாம், உலர் ஷாம்பையும் போடலாம். இரண்டையும் தனித்தனியாக அனுமதித்தவர்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் என்று யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

சரக்கறையில் தீயை அணைக்க ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பெரிய பயணிகள் விமானங்களின் சரக்கறையில் புகையை உணரும் கருவிகள் உண்டு. தீ என்று எச்சரிக்கை வந்ததும் விமானி ஹேலோன் 1301 என்ற வாயுவைத் திறந்துவிடுவார். எல்லா விமானத்திலும் இது எப்போதும் இருந்ததில்லை. சரக்கறையை இறுக்கி அடைத்தால் ஒட்சிசன் தீர்ந்து நெருப்பு தானாக அணையும் என்ற நம்பிக்கையில் ஒரு கருவியும் இல்லாமல் கட்டிய சரக்கறைகள் பல காலம் இருந்தன. 1996 மே 11-ஆம் திகதி வலுஜெற் விமானம் 592 அமெரிக்காவின் புளோரிடாவில் சதுப்பு நிலத்தில் விழுந்து 110 பேர் இறந்தார்கள். அங்கே எரிந்தது ஸ்பிரே அல்ல. சரக்கறையில் ஏற்றியிருந்த ஒட்சிசன் உற்பத்திக் கருவிகள். தாங்களே ஒட்சிசனைக் கொடுத்துக்கொண்டு எரியும் பொருளிடம் 'அடைத்தால் அணையும்' என்ற கதை எடுபடுமா? அதன்பிறகு அமெரிக்கா அந்த வகைச் சரக்கறைகளில் புகை உணரிகளும், பயணிகள் விமானங்களில் அணைப்பு முறையும் கட்டாயம் என்று 1998-இல் விதி கொண்டுவந்தது. விமான நிறுவனங்களுக்கு 2001 வரை தவணை கொடுத்தார்கள்.

ஹேலோன் நல்ல ஆயுதம்தான். போதிய அளவு சரக்கறையில் நிறைந்திருந்தால், ரின் உடைந்து காஸ் வெளியே வந்தாலும் பற்றிக்கொள்ளாமல் தடுக்கும். ஹேலோனுக்குப் பதிலாக வேறு வாயு கொண்டுவர விரும்புகிறவர்களுக்கு எவ்.ஏ.ஏ. வகுத்த சோதனைகளில் ஸ்பிரே ரின் வெடிப்புக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. அதில் சில மாற்று வாயுக்கள், அளவு கொஞ்சம் குறைந்துவிட்டால் வெடிப்பை அடக்காமல் கூட்டியே விட்டிருக்கின்றன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹேலோனும் ஓசோனுக்கு ஆகாத பொருள். ஆகையால் வளர்ந்த நாடுகளில் 1994 தொடக்கத்தோடு அதன் உற்பத்தி நின்றது. ரின்னுக்குள் எரியும் காஸைக் கொண்டுவந்த அதே உடன்படிக்கைதான் அதை அணைக்கிற வாயுவின் உற்பத்தியையும் நிறுத்தியது. விமானங்கள் இன்னும் பழைய ஹேலோனைச் சுத்திகரித்துச் சுத்திகரித்துப் பாவிக்கின்றன.

ஆனால் 40 விநாடி என்பது ஹேலோனுக்குப் போதாது. புகையை உணர வேண்டும், விமானி திறக்க வேண்டும், வாயு அறை முழுவதும் பரவ வேண்டும். அதற்குள் ரின் வெடித்துவிடும். ஒரு ரின் வெடித்து விமானத்தின் உடலைப் பிளக்காது என்றுதான் அந்தச் சோதனை செய்தவர்களும் சொன்னார்கள். அவர்களுடைய கவலை வேறு. வெடிப்பின் வேகத்தில் சரக்கறையின் உட்புறப் பலகைகள் பெயர்ந்தால் அந்த வழியாக ஹேலோன் வெளியேறிவிடும். அதன்பிறகு எரிவதெல்லாம் எரிய வேண்டியதுதான். இதற்குப் பிறகு எவ்.ஏ.ஏ. கொடுத்த ஆலோசனை ஸ்பிரேயைப் பற்றியதல்ல, லப்டொப்பைப் பற்றியது: பெரிய மின்சாதனங்களைச் சரக்கறைப் பொதியில் போடாமல் கையில் கொண்டு போங்கள் என்பதே அது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ரின் நெருப்பைக் கொளுத்துவதில்லை; கொளுத்துகிற பொருளை அதற்குப் பக்கத்தில் படுக்க வைக்கக் கூடாது.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி: ஒரே நெருப்புப் படம் போட்ட ரின்களில் ஒன்றை விட்டு ஒன்றை எடுத்தது ஏன்?

பொடி ஸ்பிரே குறைவாக எரியும், நுளம்பு ஸ்பிரே கூடுதலாக எரியும் என்பதால் அல்ல. உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரே காஸ்தான். விதி பார்ப்பது எரியுமா என்பதை மட்டுமல்ல, எதற்குப் பாவிப்பது என்பதையும். சர்வதேச விதிகளின்படி எரியக்கூடிய ஸ்பிரே எதுவும் பயணிகளின் பொதியில் போகக் கூடாது. ஆனால் மனிதர் தம் உடலுக்குப் பாவிக்கும் பொருட்களுக்கும் மருந்துகளுக்கும் ஒரு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். பொடி ஸ்பிரே, ஹெயார் ஸ்பிரே, ஷேவிங் நுரை, வலிக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் அதற்குள் வரும். சுவரிலும் இரும்பிலும் நுளம்பிலும் அடிப்பவை அதற்குள் வராது. பெயின்ற், துருவைக் கழற்ற அடிக்கும் எண்ணெய், பூச்சி கொல்லி, காலணிக்கு அடிக்கும் பளபளப்பு, பிறந்தநாளில் பிள்ளைகள் அடித்து விளையாடும் நுரை எல்லாம் எரியும் வகையாக இருந்தால் சூட்கேஸிலும் முடியாது, கையிலும் முடியாது. நுளம்பிலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது: தோலில் அடித்துக்கொள்ளும் நுளம்பு விரட்டி உடற்பொருள், அதைக் கொண்டு போகலாம், அறைக்கு அடித்து நுளம்பைக் கொல்வது முடியாது. தம்பியிடம் எடுத்தது இரண்டாவது வகை.

இது விஞ்ஞானம் அல்ல, ஒரு சமரசம். முகம் கழுவாமல், வாசம் பூசாமல் ஒருவரும் பயணம் போகமாட்டார்கள் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரியும். பெயின்ற் இல்லாமல் போகலாம். அதனால் தேவையானதை அளவு கட்டி விட்டுவிட்டு மற்றதை மறித்தார்கள். எனக்குத் தனிப்பட்ட முறையில் இந்தச் சமரசத்தில் முழுத் திருப்தி இல்லை; 2017 சோதனையைப் படித்தபிறகு உருளை வைத்துப் பூசும் டியோடரண்டுக்கு மாறச் சொல்லித்தான் கேட்பவர்களுக்குச் சொல்லி வருகிறேன். ஆனால் அது என் கருத்து. விதி அனுமதிக்கிறது.

அந்த அளவு இதுதான்: ஒரு ரின் 500 மில்லிலீற்றருக்கு அல்லது அரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது, ஒரு ஆளுக்கு எல்லாம் சேர்த்து 2 லீற்றர் அல்லது 2 கிலோ. சேர்த்து என்பதைக் கவனியுங்கள். சென்ற் போத்தல், நகப்பூச்சு, மதுசாரம் கலந்த மருந்து எல்லாம் இந்த 2 லீற்றருக்குள் வரும். 'காஸ் இல்லை' என்று விளம்பரம் செய்யும் ஸ்பிரேயும்தான். காஸ் இல்லாவிட்டாலும் உள்ளே இருப்பது மதுசாரம், அதுவும் எரியும். உங்கள் தம்பி கொண்டுவந்த பதினெட்டும் 150 மில்லிலீற்றர் ரின் என்றால் மொத்தம் 2.7 லீற்றர். ஒரு ஆளின் கணக்கில் பதின்மூன்றுக்கு மேல் ஏறாது. நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் தாராளமாகப் பிரித்து வைத்திருக்கலாம், அப்படி வைத்திருந்தால் குற்றமே இல்லை. எல்லாவற்றையும் ஒரே சூட்கேஸில் ஒரே ஆளின் பெயரில் போட்டிருந்தால் அன்று ஒருவரும் கவனிக்கவில்லை என்பதுதான் பொருள். வெளிநாட்டிலிருந்து வருகிறவரின் சூட்கேஸைத் திறந்தால் முதலில் வருவது ஸ்பிரே வாசம்தானே. அந்த வழக்கம் விடாது. குறைந்தது ஆளுக்கு ஆள் பிரித்தாவது வையுங்கள் என்று தம்பிக்குச் சொல்லுங்கள். சில விமான நிறுவனங்கள் இந்த அளவையும் குறைத்து வைத்திருக்கின்றன. ரிக்கற்றோடு வரும் விதிகளில் அது இருக்கும்.

மூடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் விதியில் அதுவும் இருக்கிறது: ஸ்பிரேயின் வாய் தானாக அமுங்காதபடி மூடியோ வேறு பாதுகாப்போ இருக்க வேண்டும். பொதியைத் திறந்து பார்க்கும் வேலையில் நான் அடிக்கடி காண்பது, மூடி தொலைந்த ரின்தான். அல்லது மூடி ஒரு மூலையிலும் ரின் இன்னொரு மூலையிலும். மூடி இல்லாத ரின்னின் தலையில் ஒரு சப்பாத்துக் குதி அழுத்திக்கொண்டிருந்தால், சூட்கேஸை இழுத்து இறுக்கி சிப் போட்ட நேரத்திலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக ஊதிக்கொண்டே இருக்கும். போய் இறங்கித் திறந்து பார்க்கும்போது ரின் வெறுமையாக இருக்கும், சேலை எல்லாம் மணக்கும். காஸ் எங்கே போனது என்று யாரும் யோசிப்பதில்லை. மூடியைச் சுற்றி ஒரு சுற்று ரேப் ஒட்டுங்கள். ரின்னை ஒரு பொலித்தீன் பையில் போட்டு உடுப்புகளுக்கு நடுவில் நிமிர்த்தி வையுங்கள். திருகிப் பூட்டும் தலை உள்ள ரின் என்றால் பூட்டிவிட்டு, ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு வையுங்கள்.

ஹெயார் ஸ்பிரேயைக் கையிலிருந்து எடுத்தது வேறு கதை. அதற்கும் நெருப்புக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. 2006 ஓகஸ்டில் லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி ஒன்று பிடிபட்டது. கைப்பொதியில் திரவம், களிம்பு, ஸ்பிரே எல்லாம் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத போத்தல்களில், ஒரு லீற்றர் தெளிவான பைக்குள் என்ற விதி அதற்குப் பிறகு வந்தது. பாதுகாப்பு அதிகாரி பார்ப்பது போத்தலில் அச்சடித்திருக்கும் அளவை. உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதை அல்ல. 200 என்று எழுதியிருந்தால் அடியில் ஒரு துளி இருந்தாலும் அது 200 மில்லிலீற்றர் ரின்தான். அதையே சூட்கேஸில் போட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திராது. புதிய ஸ்கானர் வந்த சில விமான நிலையங்கள் இந்த 100 மில்லிலீற்றர் விதியைத் தளர்த்தியிருக்கின்றன. ஆனால் இடையில் விமானம் மாறும் இடத்தில் பழைய விதி இருந்தால் அங்கே மறிப்பார்கள். ஆகவே 100 என்றே எண்ணிக்கொண்டு புறப்படுவது நல்லது.

சரி, உங்கள் சென்னைப் பயணம்.

அம்மாவின் பம் கையில்தான் இருக்க வேண்டும், சூட்கேஸில் அல்ல. அது மருந்து, அளவும் மிகச் சிறியது, வழமையான இன்ஹேலர்களில் பாவிக்கும் வாயு எரியாத வகை. மேலே முட்டு எடுத்தால் சரக்கறையில் கிடக்கும் பம்மால் என்ன பயன்? மேலதிகமாக ஒன்றும் வைத்திருங்கள், மருந்துச் சீட்டையும் கூடவே வைத்தால் கேள்வி வராது. முழங்காலுக்கு அடிக்கும் வலி ஸ்பிரே ஏதும் இருந்தால், 100 மில்லிலீற்றருக்குக் குறைந்தது கைப்பையில் போகலாம், பெரியது மூடி போட்டுச் சூட்கேஸில். நுளம்புக்கு, தோலில் பூசும் கிரீம் ஒன்று போதும். அறைக்கு அடிப்பதைச் சென்னையில் வாங்கி அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். வயதானவர்கள் பக்கத்தில் இருக்கிறபடியால் ஒன்று சொல்கிறேன்: முட்டு வருத்தக்காரர் இருக்கும் அறையில் நுளம்பு ஸ்பிரே அடிக்கவே வேண்டாம், வலை கட்டுங்கள்.

சூட்கேஸைப் பூட்ட முதல் பவர் பாங்க் உள்ளே இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பவர் பாங்க், கழற்றிய பற்றரி இரண்டும் சரக்கறைக்கு எந்த நிலையிலும் போகக் கூடாது, கையில் மட்டும்தான். 100 வாட் மணித்தியாலம் வரை உள்ளது பொதுவாகப் போகும். கடையில் விற்கும் 20,000 மில்லி அம்பியர் மணித்தியால வகை ஏறத்தாழ 74 வாட் மணித்தியாலம், ஆகவே பயமில்லை. லப்டொப்பையும் கையில் கொண்டு போங்கள். கையில் இருக்கும் பற்றரி புகைந்தால் பக்கத்தில் இருப்பவர் காண்பார், ஊழியர்கள் தீயணைப்பானோடும் தண்ணீரோடும் வந்துவிடுவார்கள். சரக்கறைக்குள் ஒருவரும் போக முடியாது.

பலாலியால் போகிறவர்களுக்கென்று இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. சென்னைக்குப் பறப்பவை ஏ.டி.ஆர். வகைச் சிறிய விமானங்கள். தலைக்கு மேலே உள்ள பெட்டிகள் சின்னவை. கைப்பொதி பெரிதாக இருந்தால் விமான வாசலில் வைத்து வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார்கள். நீங்கள் கையில் கொண்டு போகவென்று கவனமாக எடுத்து வைத்த பவர் பாங்க் அந்தப் பையோடு சரக்கறைக்குப் போய்விடும், அம்மாவின் பம்மும் கூட. ஆகவே இந்த இரண்டையும், ரெலிபோன், மருந்துகளோடு ஒரு சின்னத் தோள்பையில் தனியாக வையுங்கள். பெரிய பையை யாராவது கேட்டால் அப்படியே கொடுத்துவிடலாம்.

அம்மா இன்னொன்றையும் கேட்கக் கூடும், பலர் கேட்டிருக்கிறார்கள்: 'எங்களுடைய நுளம்பு ஸ்பிரேயை எடுக்கினம், பிளேனுக்குள்ள தாங்களே அடிக்கினமே?' சில நாடுகளுக்குப் போகும் விமானங்களில் பணியாளர்கள் இரண்டு கையிலும் ரின்னைப் பிடித்துக்கொண்டு நடைபாதை வழியே அடித்துக்கொண்டு போவார்கள். நோய் பரப்பும் நுளம்புகள் நாடு விட்டு நாடு போகாமல் தடுக்கத்தான் அது. அந்த ரின்னில் இருப்பது விமானத்துக்கென்றே செய்த, எரியாத வாயுவில் கலந்த மருந்து. கடையில் வாங்குவது அப்படியல்ல.

கடைசியாக வீட்டில் கிடக்கும் ரின்கள். முதலில் எல்லாவற்றையும் எடுத்து அடியைப் பாருங்கள். சில ரின்கள் அலுமினியம், அவை துருப்பிடிக்காது. இரும்புத் தகட்டில் செய்தவற்றின் கீழ் விளிம்பில், அடித்தட்டு பொருந்தும் மடிப்பில்தான் துரு பிடிக்கும். எங்கள் உப்புக் காற்றுக்கும் குளியலறை ஈரத்துக்கும் அது சீக்கிரம் நடக்கும். ரின்னின் அடி உள்நோக்கிக் குழிந்திருப்பதையும் பார்ப்பீர்கள். உள்ளே அமுக்கம் அளவுக்கு மிஞ்சினால் அந்தக் குழி வெளியே தள்ளிக்கொண்டு வரும். அடி வீங்கியதையோ துருவேறியதையோ வைத்திருக்க வேண்டாம். அடுப்பும் விளக்கும் இல்லாத வெளியில், காற்றோட்டமான இடத்தில் மெதுவாக அடித்து முடித்துவிடுங்கள். மற்றவற்றைக் குசினியிலும் சாமி அறையிலும் வைக்காமல், வெயில் படாத அலுமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள்.

முடிந்த ரின்னில் அழுத்தினால் ஒன்றும் வராது, ஆனாலும் உள்ளே கொஞ்சம் காஸ் இருக்கும். அதை ஆணியால் குத்தக் கூடாது. வளவு கூட்டி எரிக்கும் சருகுக் குவியலுக்குள் போடவும் கூடாது. விமானத்தில் ஸ்பிரே ரின்னால் விபத்து நடப்பது மிக அரிது. குப்பை எரிக்கும் இடத்தில் ரின் வெடித்து முகத்துக்கு நேரே தெறிப்பது அப்படி அரிதல்ல, அதுவும் தடியால் சருகைக் கிளறிக்கொண்டு பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் வீட்டில் வயதானவர்தான். வெறும் ரின்களைத் தகரக் குப்பையோடு தனியாகச் சேர்த்து, பிரதேச சபை வண்டி வரும் நாளில் ஸ்பிரே ரின் என்று சொல்லிக் கொடுங்கள்.